பல்லுயிர் அறிவியலை அதிகாரிக்கும் நிருபருக்கும் மக்களுக்கும் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு, கடல், பூச்சி, பறவை என்று ஏதாவது ஒன்றை ஆராய்பவர்கள், தங்கள் துறைக்கு வெளியே வந்து பேசவேண்டிய வேளையில் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் பதிலில் வரும் பாறு கழுகு பின்னாலும் சில இடங்களில் தலைகாட்டும். அதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டது. வேண்டியவர்கள் எடுத்துப் படித்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஆய்விதழ் புரட்ட நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. படித்தாலும் அதிலிருந்து 'இப்போது நான் என்ன செய்ய வேண்டும்' என்பதைத் தேடி எடுப்பது கடினம்.

ஒரு நல்ல உதாரணம் தெற்காசியப் பாறு கழுகுகள். 1990-களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. நோயா, பூச்சிக்கொல்லியா என்று பல சந்தேகங்கள் இருந்தன. 2004-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காரணத்தைப் பிடித்தது. மாடுகளுக்கு வலி குறையப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் அது. மருந்து உடலில் இருக்கும்போதே இறந்துவிட்ட மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. 2006-லேயே இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடை வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்துவிட்டன.

அரசு வேலையில் இரண்டு ஆண்டு என்பது கண் மூடித் திறக்கும் நேரம். எப்படி முடிந்தது? 'கழுகைக் காப்பாற்றுங்கள்' என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எந்த மருந்து, அதை யாரால் நிறுத்த முடியும், நிறுத்தினால் கால்நடை மருத்துவர் வேறு எதைப் பயன்படுத்துவார் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள். மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து கழுகுகளுக்குத் தீங்கு செய்யாது என்பதும் 2006-லேயே சோதித்துக் காட்டப்பட்டது. மாற்று இல்லாமல் வெறும் தடையை மட்டும் கேட்டிருந்தால் மாடு வளர்ப்பவர்களின் எதிர்ப்பிலேயே கோப்பு நின்றுபோயிருக்கும் என்பது என் எண்ணம்.

தடையோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி புட்டிகளை வாங்கி மாட்டுக்கே போட்டார்கள். ஆட்கள் விடாமல் மருந்துக் கடைகளைக் கண்காணித்து அதை அரசிடம் எடுத்துச் சொன்ன பிறகு, 2015-ல் மனிதர்களுக்கான ஊசி மருந்தை ஒருவேளை அளவான 3 மில்லி புட்டியில் மட்டுமே விற்கலாம் என்று இந்தியா விதித்தது. ஒரு மாட்டுக்கு அது போதாது. புட்டியின் அளவு வரை இறங்கிப் பேசினால்தான் கொள்கை அசையும்.

அமைச்சக அதிகாரியைப் பார்க்க அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் ஆய்விலிருந்து வேண்டாம், அவர் மேஜையிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் கையில் என்ன முடிவு இருக்கிறது? சட்டத் திருத்தமா, ஒரு திட்டத்துக்கான அனுமதியா, அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீடா? அந்த முடிவு எப்போது எடுக்கப்படும்? இதைப் போவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். தெரியாவிட்டால் முதல் கேள்வியாக அவரிடமே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கையில் ஒரு தாள் கொண்டு போங்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கென்று 1989 முதல் இயங்கும் அறிவியல் தொழில்நுட்ப அலுவலகம் உறுப்பினர்களுக்குத் தரும் குறிப்புகள் வழக்கமாக நான்கே பக்கம். அவ்வளவு பெரிய நாடாளுமன்றத்துக்கு நான்கு பக்கம் போதுமென்றால், உங்கள் ஒற்றை ஆய்வுக்கு ஒரு பக்கம் தாராளம். முதல் பத்தியில் முடிவு, அடுத்து ஆதாரம், பிறகு செய்யக்கூடியவை இரண்டு மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும் அதனால் யாருக்கு இடைஞ்சல் என்பதும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் எழுதுவதில்லை. அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான், ஏனென்றால் அந்த இடைஞ்சல் புகாராக மாறி அவர் வாசலுக்கே வரும்.

ஆய்வை எப்படிச் செய்தீர்கள் என்ற செய்முறையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கேட்டால் மட்டும் சொல்லலாம்.

அரசுகள் அறிவியல் அறிக்கைகளை ஏற்றுக்கொள்வது உண்மையில் எப்படி நடக்கிறது?

ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பைப் பாருங்கள். பல்லுயிர் பற்றிய அறிவியலை அரசுகளுக்குத் தொகுத்துத் தர 2012-ல் உருவானது, செயலகம் ஜெர்மனியின் பான் நகரில். அதன் 2019 உலக மதிப்பீட்டை 50 நாடுகளைச் சேர்ந்த 145 வல்லுநர்கள் மூன்று ஆண்டு உழைத்து, சுமார் 15,000 ஆதாரங்களைப் படித்து எழுதினார்கள். அப்புறம் அதன் கொள்கைச் சுருக்கத்தைப் பாரிஸில் கூடிய உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தந்தார்கள்.

வரி வரியாக என்றால் சொல்லுக்குச் சொல் வாதம்தான். அலுப்பான வேலை, சில கூர்மையான வாக்கியங்கள் மழுங்கியும் போகும். ஆனாலும் ஒரு பெரிய லாபம் உண்டு. 'அது யாரோ விஞ்ஞானிகள் சொன்னது' என்று எந்த உறுப்பு அரசும் பின்னால் கைகழுவ முடியாது. உங்கள் நாட்டு அதிகாரியிடம் பேசும்போது 'உங்கள் அரசும் ஒப்புக்கொண்ட வரி இது' என்று அந்தச் சுருக்கத்தைக் காட்டுவது, பத்து ஆய்வுக் கட்டுரைகளைவிட வலுவானது. உங்கள் நாடு உறுப்பினர்தானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பத்து லட்சம் உயிரினங்கள் அழிவின் விளிம்பில்' என்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. அந்த எண் மேலே சொன்ன 2019 அறிக்கையில் வந்தது. கணக்கு இதுதான். உலகில் விலங்கு, தாவர இனங்கள் ஏறத்தாழ 80 லட்சம் என்பது மதிப்பீடு. அதில் சுமார் 55 லட்சம் பூச்சிகள். நன்றாக ஆராயப்பட்ட விலங்கு, தாவரக் குழுக்களில் சராசரியாக 25 சதவீத இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன. பூச்சிகளைப் பற்றிய தரவு குறைவு என்பதால் அவற்றுக்கு எச்சரிக்கையாக 10 சதவீதம் மட்டும் வைத்தார்கள். பெருக்கிக் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதையே 'சுமார் பத்து லட்சம்' என்றார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் அறிவியல் பெயர்கூட வைக்கவில்லை.

இப்படி விளக்கினால் எண்ணின் வீரியம் குறைந்துவிடுமே என்று தயங்குவார்கள். என் பார்வையில் அது கூடத்தான் செய்யும். 'பெயர் தெரியாததை எப்படி எண்ணினீர்கள்?' என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்கும்போது விழிப்பதைவிட, நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மேல்.

'1970-க்குப் பிறகு விலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டன' என்று சொல்லலாமா?

கூடாது. இது உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கையில் வந்த வாழும் கோள் குறியீட்டின் எண். அது சொல்வது வேறு. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட முதுகெலும்பு விலங்குகளின் ஏறத்தாழ 35,000 கூட்டங்களின் (ஓரிடத்தில் வாழும் ஓர் இனத்தின் தொகையே கூட்டம்) அளவு 1970 முதல் 2020 வரை சராசரியாக 73 சதவீதம் குறைந்திருக்கிறது என்பதே செய்தி.

என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இரண்டு ஏரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 10 வாத்துகள் இருந்து 1 ஆனது. மற்றதில் 10,000 இருந்து 9,000 ஆனது. மொத்த வாத்துகள் 10,010-லிருந்து 9,001, அதாவது சுமார் 10 சதவீதக் குறைவு. ஆனால் இந்தக் குறியீடு பயன்படுத்தும் பெருக்குச் சராசரியில் பார்த்தால், 0.1-ஐயும் 0.9-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கையில் 0.3 வரும், அதாவது 70 சதவீதக் குறைவு. இரண்டு கணக்கும் சரிதான், இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். முதல் ஏரி காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதை மொத்த எண்ணிக்கை மறைத்துவிடும், குறியீடு காட்டிவிடும். அதற்காகத்தான் அப்படிக் கணக்கிடுகிறார்கள்.

அதே சமயம், மிக மோசமாகச் சரிந்த சில கூட்டங்கள் சராசரியை இழுத்துவிடும் என்பதும் உண்மை. 2020-ல் நேச்சரில் வந்த ஓர் ஆய்வு, அப்படிப்பட்ட கூட்டங்கள் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தும், அவற்றை நீக்கிப் பார்த்தால் உலகப் போக்கு ஏறுமுகமாகவே மாறிவிடுகிறது என்று காட்டியது. இதைப் 'பிரச்சினையே இல்லை' என்று படிப்பதும் தவறு. சரிவு எங்கெங்கே குவிந்திருக்கிறது என்று தேடச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. எந்த எண்ணைச் சொன்னாலும் எதை எண்ணினார்கள், எங்கே, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற மூன்றும் அதே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளினால் நிருபர் அதை வெட்டிவிடுவார்.

நல்ல நோக்கத்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

கூட்டிச் சொன்னது ஒருநாள் பிடிபடும், அன்றைக்குச் சரியாகச் சொன்னவையும் சேர்ந்து அடிபடும். 2019-ல் அமேசான் தீப்பற்றி எரிந்தபோது 'உலகின் 20 சதவீத ஆக்சிஜனைத் தரும் நுரையீரல்' என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் உட்பட உலகமே பகிர்ந்தது. காடு தரும் ஆக்சிஜனை அதே காட்டின் சுவாசமும் மட்கும் இலைதழைகளும் ஏறத்தாழ முழுவதும் பயன்படுத்திவிடுகின்றன. நிகரக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டியே வரும். இதை விஞ்ஞானிகள் திருத்தியபோது, 'அப்படியானால் அமேசான் முக்கியமில்லையா?' என்ற வெட்டிப் பேச்சு கிளம்பியது. அந்தக் காடு தேக்கி வைத்திருக்கும் கார்பன், கண்டத்துக்கே அனுப்பும் மழை, அங்கு மட்டுமே வாழும் இனங்கள் என்று சொல்ல அசல் காரணங்கள் எத்தனையோ இருக்கையில், பொய்யான ஒன்றில் போய் மாட்டிக்கொண்டோம்.

தேனீக்கள் மறைந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டுகள் என்று ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றும் வாசகமும் அப்படித்தான். அவர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது.

ஆய்வாளர்களும் இதற்கு விலக்கல்ல. 2019 தொடக்கத்தில் உலகப் பூச்சி இனங்களில் 40 சதவீதம் அழியக்கூடும் என்ற ஒரு மீளாய்வு தலைப்புச் செய்தியானது. தரவுத்தளத்தில் கட்டுரைகளைத் தேடும்போதே 'குறைதல்' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்துத் தேடியிருந்தார்கள். பூச்சிகள் குறையாத இடங்களைப் பற்றிய ஆய்வுகள் அந்த வலையில் எப்படிச் சிக்கும்? சக ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக் காட்டுவதற்குள் செய்தி உலகைச் சுற்றிவிட்டது.

'உறுதியாகத் தெரியாது' என்பதை எப்படிச் சொல்வது? சொன்னால் யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்களே?

எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஐபிபிஇஎஸ் தன் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தரம் போடுகிறது. ஆதாரம் நிறைய, கருத்தொற்றுமையும் உண்டு என்றால் 'நன்கு நிறுவப்பட்டது'. ஒத்துப்போகிறார்கள், ஆனால் ஆய்வுகள் சில மட்டுமே என்றால் 'நிறுவப்பட்டது, ஆனால் முழுமையில்லை'. ஆய்வுகள் நிறைய, முடிவுகள் முரண்படுகின்றன என்றால் 'தீர்வு காணப்படாதது'. இரண்டுமே இல்லையென்றால் 'முடிவுக்கு வர இயலாதது'. இந்த நான்கையும் அன்றாடப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

தெரியாததை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் ஒரு பாடம். 1980-களில் கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுத்தும் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆழ்கடல் இழுவைப் படகுகளுக்கோ நிறைய மீன் கிடைத்தது, ஏனென்றால் எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் கூடிக்கொண்டன, படகுகள் அந்த இடத்தைத் தேடிப் போயின. அந்தப் பிடிப்பு அளவையும் நம்பித்தான் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மதிப்பிடப்பட்டது. மதிப்பீடு எவ்வளவு ஆட்டங்கண்டது என்பது முடிவெடுப்பவர்களிடம் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது, 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று போட்ட தடை, முற்றாக நீங்கியது 2024-ல்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அறிவியலைச் சொல்வது என்றால் நாம் பேச மற்றவர்கள் கேட்பது என்றே நினைக்கிறோம். நியூஃபவுண்ட்லாந்தில் சரியான தகவல் கரையில் நின்றவர்களிடம் இருந்தது.

நிருபர் ஃபோனில் காத்திருக்கிறார். என்ன செய்யட்டும்?

எப்போதைக்குள் வேண்டும் என்று கேளுங்கள். பத்து நிமிடம் அவகாசம் வாங்கி, சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை ஒரு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு நீங்களே திருப்பி அழையுங்கள். உங்கள் துறை இல்லையென்றால் தெரிந்தவரின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தெரியாததைப் பேசுவதைவிட நிருபருக்கு அதுவே பெரிய உதவி. முழுக் கட்டுரையையும் முன்கூட்டி அனுப்பச் சொல்லாதீர்கள், பெரும்பாலான செய்தி அறைகள் ஒத்துக்கொள்ளாது. 'எண்களையும் என் கூற்றையும் மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்' என்றால் பலரும் சரி என்பார்கள்.

தலைப்பை நிருபர் வைப்பதில்லை, உதவி ஆசிரியர் வைக்கிறார். அதற்காக நிருபரிடம் சண்டை போடுவது வீண்.

அப்புறம், ஊடகத்தைத் திட்டும் முன் உங்கள் நிறுவனத்தின் செய்திக்குறிப்பை எடுத்துப் பாருங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 மருத்துவ, உளவியல் செய்திக்குறிப்புகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. 40 சதவீதக் குறிப்புகளில் ஆலோசனைகள் ஆய்வில் உள்ளதைவிட மிகைப்படுத்தப்பட்டிருந்தன. குறிப்பு மிகைப்படுத்தியபோது செய்திகளில் 58 சதவீதமும் மிகைப்படுத்தின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 17 சதவீதம் மட்டுமே. பல்லுயிர் துறை இதில் இல்லைதான், ஆனால் நம்மிடம் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் தென்படவில்லை. வெளியிடும் முன் அந்தக் குறிப்பைக் கடைசியாகப் படிப்பவர் நீங்களாக இருங்கள்.

இயற்கைக்குப் பண மதிப்பு போட்டுப் பேசலாமா?

நிதியமைச்சகத்திடம் பேசுகிறீர்கள் என்றால் போடுங்கள். பல்லுயிரின் பொருளாதாரம் பற்றிப் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தாவிடம் பிரிட்டனின் நிதியமைச்சகமே கேட்டு வாங்கிய மீளாய்வு 2021-ல் வந்தது. சுற்றுச்சூழல் துறை கேட்டிருந்தால் அதற்கு அத்தனை கவனம் கிடைத்திருக்காது. ஆனால் மொத்த உலகத்துக்கும் விலை போடும் எண்கள் கேட்க நன்றாக இருக்கும், பயன்பாடு குறைவு. 1997-ல் உலகின் இயற்கைச் சேவைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று ஒரு குழு கணக்கிட்டது. 'முடிவிலியை மிகவும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்' என்று பொருளியலாளர் மைக்கேல் டோமன் கிண்டலடித்தார். இயற்கை முழுவதும் போய்விட்டால் பணத்தை வைத்து யார் என்ன செய்வது?

ஒரு குறிப்பிட்ட இழப்பின் விலைக்கு எடை அதிகம். பாறு கழுகுகள் மறைந்தபின் மாட்டுச் சடலங்கள் அழுகிக் கிடந்தன, நீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. அதனால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று இரு பொருளியலாளர்கள் 2024-ல் கணக்கிட்டார்கள். பறவைகளைப் பற்றி அக்கறையே இல்லாத சுகாதார அதிகாரியும் நிமிர்ந்து உட்காரும் எண் இது.

பயமுறுத்தினால் மக்கள் கேட்பார்களா, நம்பிக்கை ஊட்டினால் கேட்பார்களா?

பயத்தோடு செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் சேர்த்துத் தந்தால் கேட்பார்கள். வெறும் பயம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஜெர்மனியில் இது நடந்தது. அங்குள்ள இயற்கைக் காப்புப் பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 27 ஆண்டுகளில் 76 சதவீதம் குறைந்தது என்ற ஆய்வு 2017-ல் வந்தது. பூச்சிகளைப் பிடித்து எடை போட்டு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கிரேஃபெல்ட் நகரச் சங்கத்தின் தன்னார்வலர்கள். 2019 தொடக்கத்தில் பவேரியா மாநிலத்தில் 'தேனீக்களைக் காப்போம்' என்று சட்டம் கேட்டு கையெழுத்து இயக்கம் நடந்தது. இரண்டே வாரத்தில், நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு சட்டமும் வந்தது. தேனீ முகப்புதான், சட்டத்தில் இருந்தவை நீரோடைக் கரைகள், இயற்கை வேளாண்மையின் பங்கு போன்றவை.

முகப்புக்கு ஒரு விலையும் உண்டு. தேனீ என்றதும் பலரும் தேன்பெட்டி வாங்கி வைக்கிறார்கள். வளர்ப்புத் தேனீக்கள் உலக அளவில் குறையவில்லை. இடர்ப்படுபவை சுமார் 20,000 தேனீ இனங்களில் யாரும் வளர்க்காமல் தாமாகவே வாழும் பலவும்தான். பெட்டித் தேனீ பெருகினால் அவற்றின் பூவுக்குப் போட்டிதான் கூடும்.

காலப்போக்கில் மெல்ல நடக்கும் மாற்றத்தை எப்படிக் காட்டுவது?

பழைய படங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் பார்த்த இயற்கையையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது என்று மீனியல் அறிஞர் டேனியல் பாலி 1995-ல் சொன்னார். அமெரிக்காவின் கீ வெஸ்ட்டில் சுற்றுலாப் பயணிகள் தூண்டில் போட்டுப் பிடித்த மீன்களைத் துறையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களை வைத்து லோரன் மெக்லெனகன் மீன்களின் சராசரி எடையைக் கணக்கிட்டார். 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது. ஆரம்பப் படங்களில் ஆள் உயர மீன்கள். கடைசிப் படங்களில் சிறிய மீன்கள், ஆனால் பிடித்தவர்களின் சிரிப்பு மட்டும் சுருங்கவில்லை. எந்த வரைபடமும் இதற்கு ஈடாகாது.

பாண்டா 'அபாயத்திலிருந்து மீண்டது' என்ற செய்தி சரிதானா?

பாதிதான். அழியும் அபாயத்தைத் தரம் பிரிக்கும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் 2016-ல் அதன் அபாயம் ஒரு படி குறைந்தது. இப்போது வந்து சேர்ந்த வகையும் அழியும் அபாயமுள்ள மூன்று வகைகளில் ஒன்றே. நல்ல செய்தியைக் கொண்டாடுங்கள், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விஞ்ஞானி ஒரு தரப்பை ஆதரித்து வாதாடலாமா?

உங்கள் விருப்பம். ஆய்வு சொல்வது எங்கே முடிகிறது, உங்கள் சொந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். 'இதுவரை தரவு சொன்னது, இனி நான் சொல்வது' என்று வாய்விட்டே சொல்லிவிடலாம்.

அரிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். இடத்தைச் சொல்லலாமா?

மாவட்டம், மலைத்தொடர் என்ற அளவில் நிறுத்துங்கள். 1999-ல் சீனாவிலிருந்து கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி இனம் அறிவியலுக்கு அறிமுகமானது. கண்ட இடமும் கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடிப்பவர்கள் அங்கே போய், அந்த இடத்தில் அந்தப் பல்லியே இல்லாமல் செய்துவிட்டார்கள். மக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் அபாயமுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டும், பறவைகளைப் பதிவிடும் இபேர்ட் தளமும் வேட்டை அபாயமுள்ள பறவைகளின் இடத்தை மறைக்கும். புதிய இனம் என்றால் எந்தத் தளத்துக்கும் அது தெரியாது, நீங்களேதான் மறைக்க வேண்டும். வனத்துறைக்கும் உரிய ஆய்வாளர்களுக்கும் துல்லியமான இடத்தைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். நிருபருக்குப் படம் அனுப்பும்போது ஃபோன் படத்துக்குள்ளேயே பதிந்துவைக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் பாறையோ கோபுரமோ இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் கொடுங்கள்.